என்மீது நானே வாங்கிய பதினைந்து கையெழுத்து

மரக்காணம் சுற்றுவட்டாரத்தில் எங்கள் பேண்டு செட்டைத் தெரியாத கல்யாண வீடு கிடையாது. சாவு வீடும் கிடையாது. அதில் நான் இரண்டாவது ட்ரம்பெட். முதல் ட்ரம்பெட் பாட்டை ஊதும். அது மூச்சு வாங்கும் இடத்தில் சத்தம் இறங்காமல் தாங்கிப் பிடிப்பது என் வேலை. மற்ற நாட்களில் உப்பளத்தில் கூலி. படிப்பு மூன்றாம் வகுப்பு வரை. அந்த மூன்றாம் வகுப்பை இரண்டு முறை படித்தேன் என்பதால் அதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் அதிகம்.

மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. வீட்டில் நான் ஏதாவது தமாஷ் சொன்னால் டேபிள் ஃபேன் மட்டும் தலையை ஆட்டும். அதுவும் 'இல்லை, இல்லை' என்றுதான் ஆட்டும். அதனால் வெளியில் வந்தால் என் வாய் சும்மா இருக்காது. வாத்தியம் வாசிக்கிற நேரம் போக மீதி நேரம் முழுக்க ஏதாவது பேசி செட்டைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பேன். இந்த வாயைப் பார்த்துத்தான் என்னை ஜாஸ் விழா கமிட்டிக்கு அனுப்பினார்கள்.

ஜாஸ் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பெரிய முதலியார்சாவடிப் பக்கம் கடலோரத்தில் ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. அங்கே மாசி மாதத்தில் மூன்று நாள் வெளிநாட்டுக்காரர்களும் வெளியூர்க்காரர்களும் வந்து வாசிப்பார்கள். முதல் வருடம் நாங்கள் வேலிக்கு வெளியே நின்றுதான் கேட்டோம். பாட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. ஆனால் ஒரு ட்ரம்பெட்காரர் ஊதின ஊதலில் என் உதடு தானாகக் குவிந்துகொண்டது. பக்கத்தில் நின்ற எங்கள் மாஸ்டர் என்னைப் பார்த்து, "டேய், வேலிக்கு முத்தம் குடுக்காத. முள்ளு" என்றார். மாஸ்டர் என்றால் எங்கள் செட்டை நடத்துகிறவர், கிளாரினெட்காரர். எங்கள் எல்லோருக்கும் வாத்தியம் சொல்லிக்கொடுத்தவர்.

அடுத்த வருடம் வேலிக்கு வெளியே நிற்பதில்லை என்று முடிவெடுத்தோம். மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரைக்கும் இருக்கிற பேண்டு செட்டுகள், சர்ச்சில் கிடார் வாசிக்கிற பிள்ளைகள், நாதஸ்வரக்காரர்கள், டிரம்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். எங்கள் ஊர் மண்ணில் பாட்டுக் கச்சேரி நடத்தினால் எங்களுக்குப் பதில் சொல்லி நடத்த வேண்டும் என்றோம். விழாக் கமிட்டிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு ஒரு தாளில் விதி எழுதிக் கொடுத்தார்கள். அதை லேமினேட் செய்து மாஸ்டர் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

அந்தத் தாளில் நிறைய இருக்கிறது. எனக்கு மனப்பாடமானது கொஞ்சம்தான். இரண்டாம் நாள் சாயந்திரம் மேடையில் முதல் அரை மணி நேரம் இந்தக் கரையோரத்து ஆட்களுக்கு. அதை மாற்ற வேண்டுமென்றால் உள்ளூர் உறுப்பினர் சம்மதிக்க வேண்டும். உள்ளூர் உறுப்பினரை நாங்களே கை தூக்கித் தேர்ந்தெடுப்போம். யாருக்கு மேடை என்று பேசுகிற இடத்தில் உட்காருகிறவர் என்பதால் அந்த வருடம் அவர் மேடை ஏறக் கூடாது. உள்ளூர் வாத்தியக்காரர்கள் பதினைந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கூப்பிட்டால், கமிட்டி மொத்தமும் நாங்கள் சொல்கிற இடத்துக்கு வந்து பதில் சொல்ல வேண்டும்.

அரை மணி நேரம்தானே, அதில் என்ன இருக்கிறது என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். கல்யாணத்தில் நாங்கள் மண்டப வாசலில் நிற்போம். மாப்பிள்ளை வந்ததும் எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள். சாவில் தெருவில் நடப்போம். அங்கே யாரும் பாட்டைக் கேட்கிற நிலைமையில் இருக்க மாட்டார்கள். எதிரே நாற்காலி போட்டு, வாயை மூடிக்கொண்டு, எங்கள் மூஞ்சியைப் பார்த்து உட்கார்ந்து நாங்கள் வாசிப்பதைக் கேட்பது வருடத்தில் அந்த அரை மணி நேரம்தான். மாஸ்டர் அதற்காக மட்டும் வெள்ளைச் சட்டை ஒன்று தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.

மூன்றாம் வருடம் உறுப்பினர் தேர்தல் வந்தபோது யாரும் முன்னால் வரவில்லை. வந்தால் மேடை ஏற முடியாதே. கோட்டக்குப்பத்து பாய்தான் என் பெயரை எடுத்துவிட்டார். பாய் வளைகுடாவில் ஒரு ஓட்டலில் பதினோரு வருடம் டிரம் அடித்துவிட்டு வந்தவர். இங்கே வந்த பிறகு எங்கள் செட்டில் சைடு டிரம்.

"இவன அனுப்புங்கப்பா. இவனுக்குத்தான் வாய் இருக்குது. அவங்க ஒண்ணு சொன்னா இவன் ஒம்போது சொல்லுவான்" என்றார்.

"எனக்கு இங்கிலீஷ் வராது பாய்" என்றேன்.

"உனக்குத் தமிழே பாதிதான் வருது. போ."

எல்லோரும் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். என்னை நானே தேர்ந்தெடுத்த வகையில் எனக்கு எதிரி யாருமில்லை.

கமிட்டி ஒரு பழைய பங்களாவில் கூடும். தலைவர் ஓய்வு பெற்ற மனிதர், ஆள் உயரத்துக்கு இருக்கிற பெரிய பேஸ் ஃபிடில் வாசிப்பார். நல்ல மாதிரி. எல்லோரையும் 'வாங்க, உட்காருங்க' என்பார். அவரோடு இன்னும் நான்கு பேர். அவர்கள் இங்கிலீஷில் பேசிவிட்டு எனக்காகத் தமிழில் ஒருமுறை திருப்பிச் சொல்வார்கள். இங்கிலீஷில் பத்து நிமிடம் பேசினது தமிழில் ஒரு வரியாக வரும். மிச்சத்தை எங்கே விட்டார்கள் என்று நான் மேஜைக்கு அடியில் தேடுவேன்.

தை மாதக் கூட்டத்தில்தான் அது நடந்தது. மழை முடிந்து உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற சமயம். உப்பு எடுப்பதற்கு முன்னால் பாத்தியின் சேற்றைக் காலால் மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டியாக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் இறங்கினால் பதினொரு மணிக்குத்தான் ஏறுவோம். காலைக் கழுவிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிப் போனேன். அன்றைக்குத் தலைவர் வீட்டில் ஏதோ விசேஷம். அதனால் கூட்டத்துக்கு முன்பே சாப்பாடு போட்டுவிட்டார்கள். வாழை இலை போட்டு, சாம்பார், வத்தக்குழம்பு, வடை, பாயசம். மிதித்த பசியில் நான் இரண்டாவது முறையும் சோறு வாங்கினேன். மூன்றாவது முறை வாங்கவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இங்கே எங்கள் செட்டின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்கு வாசிக்கப் போனால், வெயிலில் நிற்க வைத்தார்கள், தண்ணீர் தரவில்லை, இடம் சரியில்லை என்று எந்தக் குறை இருந்தாலும் இலை போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இலையில் உட்கார்ந்து அவர்கள் சோற்றைத் தின்ற பிறகு அந்த வாசலைத் தாண்டும் வரை குறை பேசக் கூடாது. நான் செட்டில் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் சாப்பிட்டு எழுந்து, ரசம் தண்ணி என்று சொல்லிவிட்டேன். மாஸ்டர் மூன்று மாதம் என்னை வாத்தியத்தைத் தொட விடவில்லை. அன்றிலிருந்து எனக்கு அது உடம்பில் ஊறிவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவினால் வாயும் சேர்த்துக் கழுவினது மாதிரி.

சாப்பிட்டு முடித்துக் கூட்டம் தொடங்கியது. தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"இந்த வருஷம் ரெண்டாம் நாள் ஒரு பெரிய குரூப் வர்றாங்க. அவங்க சாமானெல்லாம் மதியமே மேடையில செட் பண்ணிடணும். அதுக்கப்புறம் எதையும் நகர்த்த முடியாது. அதனால உங்க ஆளுங்க அந்த அரை மணி நேரத்தை வாசல் கேட்டுல வாசிச்சா எப்படி? வர்றவங்களுக்கு வரவேற்பா இருக்கும். அழகா இருக்கும்."

எனக்குள் 'கூடாது' என்று ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே ஏற்கனவே பாயசம் உட்கார்ந்திருந்தது. நான் யாரையும் பார்க்காமல் மேஜையைப் பார்த்தேன். ஐந்து பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. அமைதி தாங்காவிட்டால் நான் என்ன செய்வேன்? தமாஷ் செய்வேன்.

"கேட்டுல நின்னா காத்து நல்லா வரும் சார். மேடையில ஒரே புழுக்கம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தாள் வந்தது. எல்லோரும் போடுகிற இடத்தில் நானும் என் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, அடுத்த கூட்டத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிக்கொள்ளலாம், இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் பேசினதை எழுதி எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும் என்பதும் அந்த லேமினேட் தாளில் இருக்கிற விதிதான். அது எனக்கு மறந்துபோயிருந்தது. மூன்றாம் நாள் போட்டுவிட்டார்கள். நான் படிப்பதற்குள் எல்லோரும் படித்திருந்தார்கள். 'மேடையை விட நுழைவாயிலே காற்றோட்டமாக இருக்கும் என்று கூறி உள்ளூர் உறுப்பினர் இம்மாற்றத்தை வரவேற்றார்.'

நான் ஒரு விரலை வைத்து அந்த வரியை நாலைந்து தடவை கூட்டிப் படித்தேன். நான் சொன்னதேதான். ஒரு சொல் கூடப் பொய் இல்லை.

குரூப்பில் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், திட்டுக்குப் பதில் சொல்லி எனக்குப் பழக்கம் உண்டு. காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்கிறவர் கூட அன்றைக்குப் போடவில்லை. நான் ஒரு சிரிக்கிற பொம்மை போட்டேன். அது அங்கேயே தனியாகச் சிரித்துக்கொண்டு கிடந்தது. அழிக்கலாம் என்று பார்த்தால் எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை.

அந்த வாரம் பெருமுக்கல் பக்கம் ஒரு கல்யாணம். எனக்குத் தகவல் வரவில்லை. வழக்கமாக வேன் என் தெருமுனையில் நிற்கும். நான் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, ட்ரம்பெட் பையோடு நின்றேன். வேன் வந்தது. வேகம் குறைந்த மாதிரி இருந்தது. குறையவில்லை. தூசி அடங்கின பிறகு டீக்கடைக்காரர், "இன்னா, வுட்டுட்டுப் போறாங்க?" என்று கேட்டார்.

"நான் அடுத்த வேன்ல வர்றேன்னு சொன்னேன்" என்றேன்.

"இன்னொரு வேன் வருதா?"

"டீ குடுய்யா."

மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது, என்னை அவர் எப்போதும் உட்காரச் சொல்வதில்லை. நானே உட்கார்ந்துகொள்வேன்.

"மாஸ்டர், நான் வேணும்னு..."

"தெரியும்."

"தமாஷுக்கு சொன்னது."

"அதுவும் தெரியும். கேட்டு நமக்கு இன்னா புதுசா? கல்யாணத்துல கேட்டுலதான நிக்கிறோம். இங்கயும் நின்னுட்டுப் போறோம். வுடு."

வெள்ளைச் சட்டை துவைத்துக் கொடியில் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ட்ரம்பெட்டை எடுத்து ஊதிப் பார்த்தேன். இரண்டாவது ட்ரம்பெட்டின் பங்கை மட்டும் தனியாக ஊதினால் அது என்ன பாட்டு என்று ஊதுகிறவனுக்கே தெரியாது. அங்கங்கே இரண்டு சுரம், ஒரு நீட்டல், அப்புறம் சும்மா இருப்பது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "வாத்தியம் ரிப்பேரா தம்பி?" என்று கேட்டார்.

"வாத்தியம் நல்லாத்தான் இருக்குக்கா. நான்தான் ரிப்பேரு."

அப்போதுதான் அந்தப் பதினைந்து கையெழுத்து ஞாபகத்துக்கு வந்தது. பதினைந்து பேர் கேட்டால் கமிட்டி வந்து பதில் சொல்ல வேண்டும். அவர்கள் வந்தால் மாற்றத்தைத் திருப்பச் சொல்லலாம். ஆனால் என்ன காரணம் சொல்லிக் கூப்பிடுவது? கமிட்டி தானாக மேடையை மாற்றவில்லை. நான் சம்மதித்தேன், அவர்கள் மாற்றினார்கள். புகார் கொடுத்தால் என் மேல்தான் கொடுக்க வேண்டும்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய் நான் சொல்லச் சொல்ல டைப் அடிக்கச் சொன்னேன். 'எங்கள் உறுப்பினர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் அரை மணி நேரத்தை விட்டுக்கொடுத்தார். அவருடைய சம்மதம் எங்கள் சம்மதம் இல்லை. கமிட்டி வந்து எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.' கடைக்காரர் அடித்து முடித்துவிட்டு, "அந்தாளு பேரு இன்னா?" என்று கேட்டார். சொன்னேன். அடித்தார். அடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது நீதான?"

"ஆமா. ஸ்பெல்லிங்கு சரியா போடு."

முதலில் கோட்டக்குப்பத்துக்குப் போனேன். பாய் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார். தாளை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முழுசாகப் படித்தார்.

"யாரு எழுதினது இத?"

"நான்தான் பாய்."

"உன் மேல நீயே கம்ப்ளைன்ட் எழுதி, நீயே வீடு வீடா கையெழுத்து கேட்டு வர்றியா?"

"வேற யாரும் எழுதல பாய். நான் சும்மாதான இருக்கேன்."

பாய் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "உன்ன அனுப்பலாம்னு சொன்னது நானு. வாய் இருக்குதுன்னு சொன்னேன். அந்த வாய எங்க வச்சிட்டு வந்த?" என்றார். பிறகு சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "இது உனக்காக இல்ல. அந்த மேடைக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். உள்ளே கூப்பிடவில்லை. நான் அந்த வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன்.

அப்புறம் ஒன்பது நாள். காலையில் பாத்தி மிதிப்பது, மதியத்துக்கு மேல் பஸ் ஏறுவது. சர்ச் கிடார் பிள்ளைகள் நான்கு பேர் போட்டார்கள். "அங்கிள், மோசமானவரு நீங்கதானா?" என்று அதில் ஒன்று கேட்டது. "ஆமாம்பா, நல்லா பாத்துக்க" என்றேன். நாதஸ்வரக்காரர் ஒருவர் திட்டி முடித்துவிட்டுத்தான் போடுவேன் என்றார். சரி, திட்டுங்கள் என்று உட்கார்ந்தேன். அவர் அரை மணி நேரம் திட்டினார். நடுவில் அவருக்கு மூச்சு வாங்கியபோது நான் இரண்டு வார்த்தை எடுத்துக் கொடுத்தேன். பழக்க தோஷம். எங்கள் செட்டில் டிரம், முதல் ட்ரம்பெட் எல்லோரும் பேசாமல் போட்டார்கள். பேசாமல் போட்டது திட்டினதை விட நேரம் பிடித்தது.

எண்ணிப் பார்த்தேன். பதினான்கு. மிச்சம் மாஸ்டர் ஒருவர்தான்.

மாஸ்டர் தாளைத் தொடவில்லை.

"நான் உனக்கு வாத்தியம் சொல்லிக்குடுத்தவன். உம் மேல நான் கையெழுத்து போட மாட்டேன்."

"அரை மணி நேரம் போயிடும் மாஸ்டர்."

"போவட்டும்."

"வேற ஆளு இல்ல மாஸ்டர். எல்லார்கிட்டயும் வாங்கிட்டேன்."

"நீ இல்ல? நீயும் வாத்தியக்காரன்தான?" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவர் கோபத்தில் சொன்னாரா, வழி சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் தெருவில் நின்று, ஒரு பைக் சீட்டில் தாளை விரித்து, பதினைந்தாவது இடத்தில் என் பெயரை எழுதினேன். மேலே புகாரில் ஒரு முறை, கீழே கையெழுத்தில் ஒரு முறை. என் பெயர் ஒரே தாளில் இரண்டு தடவை வந்தது அதுதான் முதல் முறை.

கமிட்டி வந்தது. மரக்காணத்தில் உப்பு மூட்டை அடுக்குகிற கொட்டகை ஒன்று அந்த மாதம் காலியாக இருந்தது. அங்கேதான் கூடினோம். அவர்கள் ஐந்து பேரும் ஒரு வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில். எதிரே நாங்கள் தரையில். நான் எந்தப் பக்கம் உட்காருவது என்று யாரும் சொல்லவில்லை. கமிட்டிப் பக்கம் நாற்காலி இல்லை. எங்கள் பக்கம் யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. நான் நடுவில் நின்றேன். கோர்ட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. கோர்ட்டில் கூடப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்கும்.

தலைவர் எழுந்து, கூட்டத்தில் எழுதினதை அப்படியே படித்தார். 'காற்றோட்டமாக' என்ற சொல் வந்ததும் யாரோ இருமினார்கள். பிறகு அவர், "நாங்க விதிப்படி கேட்டோம். உங்க உறுப்பினர் சம்மதிச்சார். அவர் வேணாம்னு சொல்லியிருந்தா நாங்க வேற வழி பாத்திருப்போம்" என்றார். நியாயம்தான். அவர் பேச்சில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்து, "நான் சொன்ன தமாஷுலயே இதுக்குத்தான் இவ்ளோ பேரு கூடியிருக்கீங்க" என்று ஆரம்பித்தேன். யாரும் சிரிக்கவில்லை. கொட்டகையில் என் குரல் மட்டும் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் முதல் முறையாகத் தமாஷ் இல்லாமல் பேச வேண்டியிருந்தது.

"நான் சாப்ட்டுட்டேன்" என்றேன். "அன்னிக்கு மீட்டிங்குக்கு முன்னாடியே எல போட்டுட்டாங்க. நானும் உக்காந்துட்டேன். சாப்ட்ட எடத்துல எப்டி வேணாம்னு சொல்றதுன்னு வாய் வரல. சும்மா இருந்திருந்தா கூட பரவால்ல. தமாஷ் பண்ணி சம்மதிச்ச மாதிரி பண்ணிட்டேன். அவங்க மேல தப்பு இல்ல. என் தப்பு. அந்த சம்மதத்த திருப்பி எடுத்துக்கறேன்."

தலைவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "சாப்பிட்டதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? சாப்பாடு சாப்பாடுதானே?" என்றார்.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. என் இடத்தில் இருந்தால் அவர்களும் அந்தச் சோற்றுக்குப் பிறகு வாய் திறந்திருக்க மாட்டார்கள். அது தெரிந்ததும் அவர்களுக்கு என் மேல் கோபம் குறையவில்லை, கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனது.

கடைசியில் மாஸ்டர் எழுந்தார்.

"சார், அது எங்க வழக்கம். உங்களுக்குத் தெரிய நியாயமில்ல. இனிமே எங்க ஆளுகிட்ட எதுனா கேக்கணும்னா, எல போடறதுக்கு முன்னாடி கேளுங்க. அப்பறம், எதையும் நகத்த வேணாம். உங்க சாமான் இருக்கட்டும். எங்களுக்கு மைக்கு வேணாம், செட்டிங்கு வேணாம். முன்னாடி ஆறடி எடம் குடுங்க, நின்னு ஊதுறோம். ஆனா மேடை மேல."

தலைவரும் வாத்தியம் வாசிக்கிறவர்தானே. "மைக் இல்லாம கடைசி வரிசைக்குக் கேக்குமா?" என்றார்.

"பெருமுக்கல்ல ஊதினா திண்டிவனத்துல கேக்கும்" என்றார் பாய். அன்றைக்கு முதல் முறையாக எல்லோரும் சிரித்தார்கள். அது என் தமாஷ் இல்லை.

அரை மணி நேரம் திரும்பக் கிடைத்தது. அங்கேயே எழுதி, தலைவர் கையெழுத்துப் போட்டார். நான் அப்போது, சரி, என்னை எடுத்துவிடுங்கள், வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. உறுப்பினர் இல்லை என்றால் நான் மேடை ஏறலாம்.

மாஸ்டர் அதையும் கண்டுபிடித்துவிட்டார். "ஓடிப் போவப் பாக்கறியா? இந்த வருஷம் நீதான். உக்காந்து முடி."

வேறு யாராவது கை தூக்குவார்களா என்று பார்த்தேன். எல்லோருக்கும் அந்த அரை மணி நேரம் வேண்டும். யாரும் தூக்கவில்லை.

இரண்டாம் நாள் சாயந்திரம் தோப்பில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மேடையில் பெரிய குரூப்பின் பெட்டிகளும் டிரம்களும் அடைத்துக்கொண்டிருந்தன. முன்னால் விட்டிருந்த ஆறடியில் எங்கள் செட்டு ஒட்டி ஒட்டி நின்றது. மாஸ்டர் வெள்ளைச் சட்டையில். என் இடத்தில் திண்டிவனத்திலிருந்து கூட்டி வந்த ஒருவர். நான் மேடைக்குக் கீழே, ஓரத்தில், கழுத்தில் உறுப்பினர் அட்டையோடு. எங்கள் முப்பது நிமிடம் முழுசாகக் கிடைத்ததா என்று பார்ப்பதும், அன்றைக்கு ஒவ்வொரு குரூப்புக்கும் நேரம் முடிந்ததும் கை தூக்குவதும் உறுப்பினர் வேலை. கையில் செல்போன், அதில் நேரம்.

ஊதினார்கள். நான் இருபத்திரண்டு வருடம் அந்தச் செட்டுக்குள் நின்றிருக்கிறேன். வெளியே நின்று அதைக் கேட்டதில்லை. உள்ளே நிற்கும்போது நம் சத்தமும் பக்கத்து ஆளின் சத்தமும்தான் கேட்கும். வெளியே மொத்தமாகக் கேட்டது. கடைசி வரிசையில் ஒரு வெள்ளைக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். யாரும் எழுந்து போகவில்லை, யாரும் போன் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் யாராவது நின்றிருந்தால், பாருங்கள், இது எங்கள் செட்டு என்று சொல்லியிருப்பேன். பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர்தான் இருந்தது.

இருபத்தெட்டாவது நிமிடத்தில் மாஸ்டர் ஒரு பாட்டை எடுத்தார். அது நிற்கிற பாட்டு இல்லை, எங்கள் ஊரில் மாப்பிள்ளை வருகிற வரைக்கும் சுற்றிச் சுற்றி வாசிக்கிற பாட்டு. முப்பது ஆனது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார். முப்பத்தொன்று. பெரிய குரூப்பின் ஆட்கள் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். தலைவர் மூன்றாவது வரிசையிலிருந்து என்னைப் பார்த்தார். நிறுத்தச் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை.

நான் விட்டிருக்கலாம். இரண்டு நிமிடம் யாருக்கு நஷ்டம்? ஆனால் அரை மணி நேரம் எங்களுடையது என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினவன் நான். இன்றைக்கு எங்களுக்காக நீண்டால் நாளைக்கு அவர்களுக்காகச் சுருங்கும். முப்பத்திரண்டு.

மேடைக்கு முன்னால் போய் நின்று கையைத் தூக்கினேன். மாஸ்டர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். இன்னும் ஒரே ஒரு சுற்று போவார் என்று நினைத்தேன். போகவில்லை. அந்த வரியோடு பாட்டை அழகாகக் கட்டி இறக்கினார். கைதட்டல் ரொம்ப நேரம் இருந்தது.

இறங்கி வரும்போது முதல் ட்ரம்பெட்காரர், "போதுமா உனக்கு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுவிட்டுப் போனார். பாய் டிரம்மைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். மாஸ்டர் மட்டும் எனக்கு எதிரே ஒரு நொடி நின்றார்.

"எவ்ளோ ஆச்சு?"

"முப்பத்திரெண்டு மாஸ்டர்."

"ரெண்டு நிமிஷம் லேட்டா கை தூக்கின" என்று சொல்லிவிட்டு வேனுக்குப் போனார்.

வேன் கிளம்பும் சத்தம் சவுக்கு மரங்களுக்குப் பின்னால் கேட்டது. நான் போக முடியாது, அன்றைக்கு இன்னும் மூன்று குரூப் பாக்கி. தலைவர் என் பக்கத்தில் வந்து, ரொம்ப நன்றி என்றார், காபி சாப்பிடுங்கள் என்றார்.

"அப்பறம் சார்" என்றேன். "இவங்களுக்கு எவ்ளோ நேரம்?"

"ஒன்றரை மணி நேரம்."

செல்போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டேன். ஓரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பெரிய குரூப்புக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன்.